நெற்றி முடியோரச் செதில்: காரணம் அறிந்து கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றிக் கட்டும் கறுப்புத் துணிக்கு இரக்கமே கிடையாது. சீப்பு நெற்றி ஓரத்தைத் தொட்டதுமே தவிடு தூவியதுபோல் அதன்மேல் கொட்டும். "எண்ணெயே வைப்பதில்லையா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கூச்சத்தோடு வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டேன். அப்பத்தா ஒருபடி மேலே போய், எல்லாம் உடம்புச் சூடு என்று தீர்ப்புச் சொல்லி, வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய்க் குளியலுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின. செதில் குறையவில்லை, தலையிலிருந்து புருவத்துக்கு இறங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோது, அவர் தலையை உடனே பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். புருவத்தைத் தடவினார். மூக்கு மடலின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு காதை முன்பக்கமாக மடித்து, பின்புற மடிப்பில் டார்ச் அடித்தார். மெழுகுபோல் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு செதிலைச் சுரண்டி எடுத்து என் விரலில் வைத்து நசுக்கச் சொன்னார். பிசுபிசுத்தது. "இது காய்ந்த தோல் இல்லை. எண்ணெய் ஊறுகிற இடத்தில் வரும் அழற்சி. நீங்கள் அதன்மேல் இன்னும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார்.

அந்த மூன்று வாக்கியங்களின் விரிவுதான் கீழே வருவது.

செதில் ஏன் உதிர்கிறது

தோலின் மேலடுக்கு சுமார் நான்கு வாரங்களில் ஒரு சுற்று புதுப்பிக்கப்படுகிறது. கீழே பிறக்கும் செல் மெல்ல மேலே வந்து, காய்ந்து, தனித்தனியாக உதிர்ந்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. தோலில் அழற்சி வந்தால் இந்தச் சுற்று அவசரப்படுகிறது. முதிராத செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே கொத்தாக மேலே வருகின்றன. சட்டைத் தோளில் நாம் தட்டிவிடுவது அந்தக் கொத்துகளைத்தான்.

அழற்சியைத் தூண்டுவதில் பெரும்பங்கு மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அதைச் செதிலில் கண்டு எழுதிய பிரெஞ்சு அறிவியலாளர் லூயி சார்ல் மலசேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது அது. இந்தப் பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது. பொடுகே இல்லாதவர் தலையிலும் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ள அதற்கு வழி இல்லை. ஆகவே நம் தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஓலியிக் அமிலம் போன்ற மிச்சத்தை விட்டுவிடுகிறது. சிலர் தோல் இந்த மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். சிலருடையது சிவந்து, அரித்து, உரியும். ஆய்வகத்தில் இந்த ஈஸ்டை வளர்க்க வேண்டுமென்றால் அது வளரும் சத்துக்கூழின்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவது பழைய வழக்கம். என் மூன்று ஆண்டு எண்ணெய்க் குளியலை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

இதை வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தாமாக விளங்கும். எண்ணெய்ச் சுரப்பிகள் நெருங்கியிருக்கும் இடங்கள் தலை, நெற்றி முடியோரம், புருவம், மூக்கின் இருபுறம், காதுக்குப் பின்னால், தாடி, நெஞ்சின் நடுப்பகுதி. செதிலும் அங்கேயே வருகிறது. அந்தச் சுரப்பிகளை முடுக்கிவிடும் ஹார்மோன்கள் விழிப்பது பருவ வயதில் என்பதால், பெரும்பாலோருக்கு இது அப்போதுதான் தொடங்குகிறது. அழுக்கினால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. மருத்துவர்கள் இதைச் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்பார்கள். நாம் பொடுகு என்பது அதன் சாதுவான தம்பி.

தூக்கம் கெட்டால், மனஉளைச்சல் ஏறினால், குளிர் வந்தால் கூடும். எனக்கு மார்கழியும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சும் மோசமான மாதங்கள். நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் வேர்க்கும் தலையில் அரிப்பு அதிகமாவதையும் பலர் சொல்வார்கள். உள்ளே கட்டும் துணியைத் தினமும் துவைத்தாலே பாதி நிம்மதி.

முதல் படி: இது அதுதானா என்று பார்ப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். முடியோரத்தில் உரிவதெல்லாம் பொடுகு ஆகிவிடாது. தவறான பெயர் வைத்தால் தவறான மருந்துதான் கிடைக்கும்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே நின்று, ஒரு செதிலை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே நசுக்குங்கள். மஞ்சள் சாயலோடு பிசுபிசுத்தால், புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் கொஞ்சம் சிவப்பும் உரிதலும் இருந்தால், பெரும்பாலும் மேலே சொன்னதுதான். மாவுபோல் வெள்ளையாக, சிவப்பே இல்லாமல் உதிர்ந்து, கூடவே கைகால் தோலும் வெடிப்பாக இருந்தால் அது உண்மையான வறட்சி. நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவர்களுக்கும் கடுமையான ஷாம்புவைத் தினமும் போடுகிறவர்களுக்கும் இது வரும். ஷாம்புவை மாற்றினாலே அடங்கிவிடும்.

சொரியாசிஸ் வேறு முகம் காட்டும். செதில் தடிமனாக, வெள்ளி நிறத்தில், அடுக்கடுக்காக இருக்கும். அதற்கடியில் தோல் நன்றாகச் சிவந்திருக்கும். எல்லை கோடு போட்டதுபோல் தெளிவாகத் தெரியும். அந்த எல்லை பெரும்பாலும் முடியோரத்தைத் தாண்டி நெற்றிக்குள் ஒரு விரல் அகலம் வந்து நிற்கும். முழங்கை, முழங்காலைப் பாருங்கள். நகங்களைப் பாருங்கள்: குண்டூசியால் குத்தியதுபோல் சிறு பள்ளங்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். காலையில் விரல் மூட்டுகள் விறைத்து வலிப்பதும் சேர்ந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. சொரியாசிஸ் மூட்டுகளையும் பிடிக்கும். சித்த மருத்துவத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர்.

நரை தொடங்கிய வீடுகளில் நான் முதலில் கேட்பது சாயத்தைப் பற்றித்தான். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாரா பினைலின் டையமின் என்ற பொருள் இருக்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாயம் பூசிய ஓரிரு நாளில் நெற்றி ஓரமும் காது மடலும் அரித்துச் சிவந்து, நீர் கோத்து, பிறகு உரியத் தொடங்கும். சிலருக்கு இமையே வீங்கிவிடும். பொடுகு இப்படிச் சாயத்தேதியைப் பார்த்து வருவதில்லை. "இது ரசாயனம் இல்லை, கறுப்பு மருதாணி" என்று விற்பதை நம்பாதீர்கள். மருதாணி இலை செம்மஞ்சளாகத்தான் பற்றும். கன்னங்கரேலென்று பற்றினால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது உடம்பின் நினைவில் நின்றுவிடும். அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும். வகிட்டில் மட்டும் உரிந்தால் குங்குமத்தையும் சந்தேகப்படலாம்.

பள்ளிக்கூடம் போகும் குழந்தையின் தலையில் செதில் என்றால் கணக்கே மாறிவிடும். அந்த வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் உறங்கிக்கொண்டிருக்கும். எனவே பொடுகு அபூர்வம். வட்டமாக ஒரு இடத்தில் முடி ஒடிந்து, கரும்புள்ளிகளாகத் தெரிந்து, சுற்றிலும் செதிலாக இருந்தால் அது தலையில் வந்த படர்தாமரை. கழுத்தின் பின்புறம் நெறி கட்டியிருக்கலாம். இது சீப்பிலும் துண்டிலும் தொற்றும். பூஞ்சை முடியின் வேர்வரை போய்விடுவதால் ஷாம்புவும் களிம்பும் மட்டும் போதாது. பல வாரங்கள் மாத்திரை சாப்பிட வேண்டும். பலர் இதைப் புழுவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். புழுவெட்டில் தோல் வழுவழுவென்று இருக்கும், உரியாது. அந்த ஒரு வித்தியாசம் போதும். வீக்கம் சொதசொதவென்று சீழோடு வந்தால் அன்றே காட்டுங்கள். தாமதித்தால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து முடி திரும்ப முளைக்காமலே போகலாம்.

இன்னொன்று, பேன். வெள்ளைத் துணுக்கை ஊதினால் பறந்தால் செதில். முடியோடு ஒட்டிக்கொண்டு, இரு நகங்களால் உருவினால்தான் வரும் என்றால் ஈர். பேன் சீப்பை எடுங்கள்.

இரண்டாம் படி: தடித்த செதிலை ஊறவைப்பது

மெல்லிய செதில்தான் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். அப்பளம்போல் ஒட்டிக்கொண்டிருந்தால் மருந்து தோலைத் தொடாது, செதிலின்மேல் வழிந்து போகும். எனவே குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரபின் கொஞ்சம் எடுத்து செதில் மேல் மட்டும் தடவி ஊறவையுங்கள். இதுவும் எண்ணெய்தானே என்று கேட்கலாம். இது கனிம எண்ணெய். பூஞ்சை தின்னக்கூடிய கொழுப்பு அமிலம் இதில் இல்லை. சாலிசிலிக் அமிலம் கலந்த ஷாம்புவும் செதிலை இளக்கும்.

நகத்தால் மட்டும் பெயர்க்காதீர்கள். பெயர்க்கும்போது ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. நானும் பரீட்சைக் காலங்களில் அதைச் செய்தவன்தான். அடியில் புண்ணாகி, கிருமி புகுந்து, காதுக்குப் பின்னால் நீர் வடிந்தது.

மூன்றாம் படி: மருந்து ஷாம்பு, கடிகாரத்தோடு

பத்தில் ஒன்பது பேர் தோற்கும் இடம் இது என்பது என் கணிப்பு. ஷாம்பு சரியானதாகவே இருக்கும். தேய்த்த அரை நிமிடத்தில் அலசிவிடுவார்கள். பிறகு "எதுவும் கேட்கவில்லை" என்பார்கள். மருந்து ஷாம்புவில் வேலை செய்வது நுரை இல்லை. மருந்து தோலோடு இருக்கும் நேரம்.

பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு நன்றாகச் சோதிக்கப்பட்ட மருந்து. தலையை முழுதாக நனையுங்கள். ஷாம்புவை முடியில் கொட்டாமல், விரல் நுனியால் முடியைப் பிரித்துப் பிரித்து அடித்தோலில் தடவுங்கள். நுரை வந்ததும் அதை நெற்றி ஓரம், புருவம், மூக்கோரம், காதுக்குப் பின் மடிப்பு, தாடி என்று எல்லா இடத்துக்கும் இழுத்துவிடுங்கள். கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஐந்து நிமிடம் என்பது குளியலறையில் நம்ப முடியாத அளவு நீளமானது. நான் ஜன்னல் திட்டில் ஒரு பழைய கைக்கடிகாரம் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்காமல் என் மனக்கணக்கில் எண்ணியபோது ஒன்றரை நிமிடம்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு நன்றாக அலசுங்கள். காது மடிப்பில் நுரை தங்கிவிடும், அங்கே விரல் விட்டு அலசுங்கள்.

வாரம் இரண்டு முறை, இடையில் மூன்று நாளாவது விட்டு, இரண்டு முதல் நான்கு வாரம். மற்ற நாட்களில் தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் சாதாரண மென்மையான ஷாம்பு போதும். முதல் வாரத்தில் அரிப்பு குறையும், செதில் அப்படியே இருக்கும். பொறுங்கள், தோலுக்கும் ஒரு சுற்று முடிய வேண்டும்.

கீட்டோகோனசோல் ஒத்துவரவில்லை என்றால் செலினியம் சல்பைடு, ஜிங்க் பைரித்தியோன், சைக்ளோபிராக்ஸ், தார் கலந்த ஷாம்பு என்று மாற்று உண்டு. செலினியம் சல்பைடு சாயம் பூசிய முடியின் நிறத்தை மாற்றிவிடலாம். தார் ஷாம்பு போட்ட தோலுக்கு வெயில் கூடுதலாக உறைக்கும்; நரைத்த முடியில் கறையும் படியலாம். ஜிங்க் பைரித்தியோனை ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்திருக்கிறது. இந்தியக் கடைகளில் அது இன்னும் சாதாரணமாகக் கிடைக்கிறது. கீட்டோகோனசோல் மாத்திரையாகவும் உண்டு. அதைப் பொடுகுக்காக யார் சொன்னாலும் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், கல்லீரலைப் பாதிக்கக்கூடியது.

நான்காம் படி: முகத்தோரத்துக்குத் தனிக் கவனம்

நெற்றி விளிம்பிலும் புருவத்திலும் ஷாம்பு நுரை போதவில்லை என்றால் கீட்டோகோனசோல் 2 சதவீதக் களிம்பை, பட்டாணி அளவு எடுத்து, நாளுக்கு ஓரிரு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் மெல்லியதாகப் பூசலாம். அதிகம் சிவந்து எரிந்தால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாட்களுக்கு மட்டும் மருத்துவர் சேர்த்துத் தருவார். அந்தச் "சில நாட்கள்" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

ஏனென்றால் அடுத்த அபாயம் தெருமுனையில் இருக்கிறது. எங்கள் பகுதி மருந்துக் கடை ஒன்றில், கேட்ட மாத்திரத்தில் ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் புருவம் பளிங்குபோல் ஆனது. நிறுத்தினேன், முன்பைவிடச் சிவந்து திரும்பியது. மறுபடி பூசினேன். இரண்டு மாதம் இந்த விளையாட்டு நடந்தது. டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் குளோபீட்டசால் என்றிருந்தது: மிக வீரியமான ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் அதோடு கலந்திருந்தன. முகத்தோலில் இதை நாட்பட்டுப் பூசினால் தோல் மெலிந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும்; பருக்கள் வரும்; பூசாமல் இருக்கவே முடியாத நிலை வரும். எந்த டியூபையும் முகத்தில் வைப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பி, குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகிய ஸ்டீராய்டுப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: அடங்கிய பிறகு

இது சளி பிடித்து விட்டுப் போவது மாதிரி இல்லை. பூஞ்சை நம்மோடு குடியிருப்பது. நம் தோலின் சுபாவமும் மாறப்போவதில்லை. அடங்கிய பிறகு அதே ஷாம்புவை வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ, அதே ஐந்து நிமிடக் கணக்கோடு தொடருங்கள். தலை சுத்தமாகிவிட்டது என்று இதை நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து மருந்தைத் திட்டுவதுதான் வழக்கமாக நடப்பது.

எண்ணெய், எலுமிச்சை, வெட்பாலை

எண்ணெயை வெறுக்கச் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைக்கும். முடிக்கு அது நல்லதுதான். ஆனால் அடித்தோல் சிவந்து உரிந்துகொண்டிருக்கும் வாரங்களில் எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனிவரை மட்டும் வையுங்கள், வேரில் வேண்டாம். இரவு முழுக்க ஊறவைக்கவும் வேண்டாம். அப்பத்தாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்தது, "அப்போ எண்ணெய்ச் செட்டியார் எல்லாம் ஏமாற்றுக்காரரா?" என்றார்.

எலுமிச்சைச் சாற்றை விரிசல் விட்ட தோலில் தேய்த்தால் எரியும். தேய்த்துவிட்டு வெயிலில் நின்றால் தோல் கொப்பளித்துக் கறுக்கவும் செய்யலாம். வெந்தய அரைப்பும் சீயக்காயும் தலையைக் குளிர்ச்சியாக, சுத்தமாக வைக்கும். நன்றாக அலசாவிட்டால் திப்பியே செதில்போல் உதிரும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டுத் தலை கழுவுகிற வீடுகளிலும் இதே கதை. சோப்பு அந்தத் தண்ணீரில் திரிந்து வெள்ளையாகப் படியும், அதைப் பொடுகு என்று நினைத்து மேலும் சோப்பு போடுவார்கள். பொடுதலை எண்ணெயும் வெட்பாலைத் தைலமும் சித்த மருத்துவத்தில் நீண்ட காலமாகப் புழங்குபவை. எடுப்பதென்றால் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரைப் பார்த்து எடுங்கள்; மருந்து ஷாம்புவோடு ஒரே வாரத்தில் கலந்து அடித்தால் எது கேட்டது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

கைக்குழந்தையின் உச்சியில் மஞ்சளாகப் பக்கு கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். தாயின் ஹார்மோன் மிச்சம் குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதால் வருவதாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் சில மாதங்களில் தானே போய்விடும். பேபி ஆயில் தடவி ஊறவைத்து, மென்மையான பிரஷால் நீவி, குழந்தை ஷாம்புவால் கழுவினால் போதும். பெரியவர்களின் மருந்து ஷாம்புவை நீங்களாகப் போடாதீர்கள்.

மருத்துவரிடம் எப்போது, எப்படி

நான்கு வாரம் கடிகாரம் வைத்து முறையாகச் செய்தும் அசையவில்லை, நீர் வடிகிறது, காய்ச்சல் இருக்கிறது, முடி திட்டுத் திட்டாகக் கொட்டுகிறது, உடம்பில் வேறு இடங்களிலும் திட்டுகள் வருகின்றன, அல்லது நோயாளி குழந்தை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று, பரவலாக, எதற்கும் அடங்காமல் வருவது சில நேரம் வேறு நோயின் அடையாளமாக இருக்கும். பார்க்கின்சன் நோயிலும் எச்ஐவி தொற்றிலும் இந்தச் செதில் கடுமையாக வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். ரத்தப் பரிசோதனை எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போகிற அன்று காலையில் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, படிய வாரிக்கொண்டு போகாதீர்கள். நம் ஊரில் மரியாதை கருதி எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மருத்துவருக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டு நாள் கழுவாத தலையோடு போங்கள். முடியோரம் மோசமாக இருந்த நாளில் எடுத்த செல்போன் படம் ஒன்று இருக்கட்டும். அதுவரை பூசிய டியூப், ஷாம்பு, சாயப் பெட்டி, தைலம் எல்லாவற்றையும், வெட்கப்படாமல், ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். என் பையில் பதினோரு பொருட்கள் இருந்தன. மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிப் படித்து, பத்தை மேசையின் அந்தப் பக்கமாகத் தள்ளிவைத்தார்.